மாப்பிள்ளையின் வரப்பை நகர்த்தியது தொடர்பாக

பரமத்தி வேலூர்,
ஆடி 8, வியாழக்கிழமை.

அன்பும், இன்றைக்கு அதைவிட முக்கியமாகப் பொறுமையும் நிறைந்த மாப்பிள்ளை கலையரசன் அவர்களுக்கு, மாமனார் சண்முகவேல் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தை வசந்தாமணியும் காவிரித் தாய் புண்ணியத்தில் நலம். அங்கே ஓசூரில் தாங்களும் எங்கள் மகள் அகல்யாவும் நலமாக இருப்பீர்கள். இந்தக் கடிதத்தைப் படித்து முடித்த பிறகும் அப்படியே இருக்க வேண்டும் என்று மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன். மேட்டூரில் தண்ணீர் திறந்துவிட்டார்கள். ஆறு இரண்டு கரையும் தொட்டு ஓடுகிறது. கொடிக்காலில் வெற்றிலை நன்றாக வந்திருக்கிறது. வாழை மட்டும் போன வாரக் காற்றில் நாலு மரம் சாய்ந்துவிட்டது.

நிற்க. நிற்க என்று வழக்கத்துக்கு எழுதினேனே தவிர, தாங்கள் தயவுசெய்து உட்கார்ந்துகொண்டு படிக்கவும். அகல்யா பக்கத்தில் இருந்தால் ஒரு சொம்பு தண்ணீர் கேளுங்கள். அவள் உள்ளே போன சமயம் பார்த்து மேலே படியுங்கள். கையில் போன் இருக்க இந்தக் காலத்தில் எதற்குக் கடிதம் என்று தோன்றும். நம் வீட்டில் நான் போனில் பேசினால், உங்களுக்குக் கேட்பதற்கு முன்னால் சமையலறையில் உங்கள் அத்தைக்குக் கேட்டுவிடும். அதுவுமல்லாமல் முப்பத்துநாலு வருஷம் நில அளவைத் துறையில் குப்பை கொட்டியவன் நான். நேரில் சொல்ல வாய் வராததையெல்லாம் காகிதத்தில் எழுதியே பிழைத்தவன். சுற்றி வளைக்காமல் சொல்லிவிட வேண்டும் என்றுதான் பேனாவை எடுத்தேன், பாருங்கள், அரைப் பக்கம் ஆறும் வெற்றிலையுமாகவே ஓடிவிட்டது. மாப்பிள்ளை, தைப்பொங்கலுக்கு வந்தபோது என்னை நம்பிக் கொடுத்துவிட்டுப் போனீர்களே அந்த லேப்டாப், அதில் தங்கள் தகப்பனார், என் சம்பந்தி, கந்தப்பன் அவர்களின் குரல் இருந்த பாகத்தை நான் அழித்துவிட்டேன்.

எழுதிவிட்டேன். இனி எப்படி நடந்தது என்று சொல்கிறேன். சொன்னால் குற்றம் குறையும் என்பதற்காக அல்ல, இவ்வளவு பெரிய முட்டாள்தனத்தை ஒருவன் எப்படிப் படிப்படியாகக் கட்டி எழுப்புகிறான் என்று தங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக.

அன்று தாங்கள் சொன்னது வார்த்தை பிசகாமல் எனக்கு ஞாபகம் இருக்கிறது. "மாமா, அப்பா போன்ல பேசுனதெல்லாம் தானா ரெக்கார்டு ஆயிருக்குதுங்க. நூத்திப் பதினேழு இருக்குது. அந்த போனு செத்துப் போச்சு, இதுல மட்டுந்தான் இருக்குது. என்னால இன்னும் ஒண்ணுகூடக் கேக்க முடியலைங்க. உங்ககிட்ட இருக்கட்டும்" என்றீர்கள். ஒரே லேப்டாப்பில் விண்டோஸ், லினக்ஸ் என்று இரண்டு சிஸ்டம் இருப்பதையும், ஆன் செய்தால் எந்தப் பக்கம் போகிறாய் என்று கேட்கும் என்பதையும் காட்டிக் கொடுத்து, விண்டோஸ் பக்கம் உங்கள் இஷ்டத்துக்கு வண்டி ஓட்டுங்கள், அப்பா குரல் இருக்கும் லினக்ஸ் பக்கம் மட்டும் போக வேண்டாம், அவசரம் என்றால் பாஸ்வேர்டு அகல்யா பேர்தான் என்றும் சொன்னீர்கள். எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. அண்ணன் தம்பி பாகம் பிரித்த வீட்டில் ஒரே சுவருக்கு இரண்டு வாசல் வைப்பார்களே, அதுதான். சத்தியமாக மாப்பிள்ளை, ஆறு மாதம் நான் தங்கள் வாசல் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

என் வாசலில் நான் செய்துகொண்டிருந்தது தாங்கள் அறிந்ததே. அறுபத்திரண்டு வயதில், சர்க்கரையும் முழங்கால் வலியுமாக, லாரி ஓட்டும் கேம் ஆடிக்கொண்டிருந்தேன். நாமக்கல் ஜில்லாவில் பிறந்து லாரி ஸ்டியரிங்கைத் தொடாத ஆண்பிள்ளை நான் ஒருவனாகத்தான் இருப்பேன். இருபத்தைந்து வயதில் லைசென்சுக்குப் போய், எட்டுப் போட வைத்திருந்த கம்பங்களில் ஏழைச் சாய்த்துவிட்டு வந்தவன், அதற்குப் பிறகு மொபெட்டோடு நிறுத்திக்கொண்டேன். தலைத் தீபாவளிக்கு வந்தபோது என் பழைய கம்ப்யூட்டரில் தாங்கள் இந்த விளையாட்டைக் காட்டினீர்கள் அல்லவா, அன்று பிடித்த பேய்தான். இப்போது 'ஸ்ரீ வசந்தாமணி ரோடுவேஸ்' என்று கம்பெனியே வைத்திருக்கிறேன், மூன்று வண்டி ஓடுகிறது. தன் பேரில் கம்பெனி இருப்பது உங்கள் அத்தைக்குத் தெரியாது. தெரிந்தால் காலையில் பால் வாங்கி வர ஒரு வண்டியை அனுப்பச் சொல்வாள்.

சம்பந்தி இங்கே வந்து தங்கும்போதெல்லாம் என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார். முப்பது வருஷம் நிஜ லாரியில் இந்தியா முழுவதும் ஓடியவர், நான் இரண்டு விரலால் பொத்தான் அமுக்கி வண்டி ஓட்டுவதைப் பார்த்து அவர் சிரிக்காமல் இருந்ததே பெரிய மனசு. ஒரு தடவை மட்டும், வளைவில் நான் கவிழ்த்தபோது, "சம்பந்தி, ஊட்டுக்குள்ள உக்காந்துக்கிட்டே வண்டியக் கவுத்த ஆளு நம்ம ஜில்லாவுலயே நீங்க ஒருத்தருதானுங்க" என்றார். பிறகு அவரே லோடு ஏற்றிக் கௌகாத்தி போன நடையைப் பற்றிச் சொல்ல ஆரம்பிப்பார். ஆறாம் நாள் விடியற்காலை பிரம்மபுத்திரா பாலத்தில் வண்டி ஏறினால் அக்கரை தெரியாது, நம் காவிரி அதற்கு முன்னால் வாய்க்கால் என்பார். எனக்கு வேலூர்ப் பாலத்தைத் தவிர வேறு பாலம் தெரியாது. ஒரு நடை கூட்டிப் போகிறேன், கிளீனர் சீட்டில் வாருங்கள் என்று சொல்லியிருந்தார். கார்த்திகையில் அவர் போய்விட்டார். நான் இன்னும் அந்த நாற்காலியை எடுத்து வைக்கவில்லை, மாப்பிள்ளை.

இந்த நிலையில் போன மாதம் அந்த விளையாட்டுக்கு ஒரு புது வரைபடம் வந்தது. வடக்கே கல்கத்தா வழியாகக் கௌகாத்தி வரை ரோடு போட்டிருக்கிறான், எந்தப் புண்ணியவானோ. பார்த்ததும் எனக்குக் கை கால் ஓடவில்லை. ஆடிப் பதினெட்டுக்குத் தாங்களும் சம்பந்தியம்மா சென்னம்மாளும் வருவதற்குள் நான் அந்தப் பாலத்தில் ஒரு தடவை ஏறி இறங்கிவிட வேண்டும் என்று மனசுக்குள் நேர்ந்துகொண்டேன். இறக்கப் போனால் அறுபது ஜிபி இடம் வேண்டும் என்றது. என் பக்கத்தில் இருந்ததோ நாலு. அகல்யாவின் கல்யாண வீடியோவை வேறு இடத்துக்கு மாற்றினேன், பதினெட்டு ஆனது. விளையாட்டில் இதற்கு முன் வைத்திருந்த பழைய கம்பெனியைக் கலைத்துப் பார்த்தேன், அதில் ஒன்றும் மிச்சமாகவில்லை.

அப்போதுதான் எந்தப் பொத்தானை அமுக்கினேனோ, டிஸ்க்கின் வரைபடம் திறந்துகொண்டது. மாப்பிள்ளை, என் ஆயுசில் அப்படி ஒரு சந்தோஷம் பட்டதில்லை. அச்சு அசலாக, நாங்கள் நிலத்துக்கு நிலம் எல்லை போட்டு வரைவோமே, அந்தப் புலப்படம். இடது பக்கம் என் விண்டோஸ், நடுவில் 'ரெக்கவரி' என்று ஒரு பொட்டு நிலம், அதைத் தாண்டித் தங்கள் லினக்ஸ். தலைப்பில் என்ன போட்டிருக்கிறான் என்று பார்த்தால் 'பார்ட்டிஷன்'. பாகப்பிரிவினை! முப்பத்துநாலு வருஷம் இதைத்தானே சோறாகத் தின்றேன். என் பக்கத்தை ஒரு பேரிலும் தங்கள் பக்கத்தை இன்னொரு பேரிலும் பதிந்திருந்தார்கள், ஒன்று நஞ்சை, ஒன்று புஞ்சை என்று வைத்துக்கொண்டேன். நடுவில் இருந்தது பொதுக் கிணறு. ஆளில்லாத இடத்துக்கு அவர்கள் 'அன்அலகேட்டட்' என்று பேர் வைத்திருக்கிறார்கள், நாம் புறம்போக்கு என்போம். தங்கள் பக்கம் இருநூற்று எண்பது ஜிபி, அதில் முப்பதுதான் பயிர். மீதி முழுக்கத் தரிசு. ஒரு சர்வேயரின் கண்ணில் தரிசைக் காட்டவே கூடாது.

பணியில் இருந்த காலத்தில் ஒருவன் வரப்பை ஒரு சாண் நகர்த்திக் கேட்டால் அவனை அலுவலகத்தை விட்டே துரத்தியவன் நான். அந்த யோக்கியன் இப்போது மாப்பிள்ளை நிலத்தில் அறுபது ஜிபி கேட்டு நிற்கிறேன். மனசாட்சி கேட்டதற்கு, தரிசுதானே, மாப்பிள்ளை வந்தால் சொல்லிக்கொள்ளலாம், அவர் என்ன வேண்டாம் என்றா சொல்லப் போகிறார் என்று பதில் சொன்னேன். என்னிடம் மனு கொண்டு வந்தவர்கள் அத்தனை பேரும் சொன்ன பதில் அதுதான்.

விண்டோஸிலிருந்து பார்த்தால் என் நிலத்தை விரிக்கும் பொத்தான் மங்கிக் கிடந்தது. பக்கத்தில் ஒட்டினாற்போல் காலி இடம் இருந்தால்தான் விரியுமாம், நடுவில் கிணறு மறிக்கிறது. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் ஜெயபிரகாஷிடம் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போனேன். அவர் ஒரு பெண்டிரைவில் ஏதோ ஏற்றி, இதைச் சொருகி ஆன் செய்தால் அதற்குள்ளிருந்தே ஒரு லினக்ஸ் ஓடும், அதில் இருந்து பார்த்தால் இரண்டு பக்கத்தையும் நகர்த்தலாம் என்றார். தானே செய்து தருகிறேன் என்றும் சொன்னார். நான் விடுவேனா? அளவை என் தொழில், அளக்கிற சங்கிலியைப் பிடிக்க எனக்கு ஆள் வேண்டாம் என்றேன். "பேக்கப் இருக்குங்களா மாமா?" என்று கேட்டார். "தாராளமா இருக்குது, ரெண்டரை மணி நேரம் நிக்குது" என்றேன். வீட்டு இன்வெர்ட்டருக்கும் இதே கேள்வியைத்தானே கேட்கிறார்கள். அவர் சிரித்தார். நான் தமாஷ் செய்கிறேன் என்று நினைத்துவிட்டார் போல. எனக்கு ஊரில் அப்படி ஒரு நல்ல பேர் இருக்கிறது. கிளம்பும்போது வேலை முடிந்ததும் என்னவோ செய்ய வேண்டும் என்று கடை வாசலில் நின்று கத்தினார். நான் அதற்குள் மொபெட்டை உதைத்துக் கிளப்பிவிட்டேன். அந்தச் சத்தத்தில் தலையை மட்டும் ஆட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உங்கள் அத்தை சீர் நடக்கும் ஒரு விசேஷ வீட்டுக்குப் போயிருந்தாள். பெண்டிரைவைச் சொருகி ஆன் செய்தேன். அதன் லினக்ஸ் வந்தது, நீல வானமும் மலையுமாகப் படம் போட்டு. அதிலும் அந்தப் புலப்படம் கலர் கலராக வந்தது. போனில் ஒரு வீடியோக்காரர் சொல்லச் சொல்ல நான் செய்தேன். தங்கள் வரப்பை மெள்ள வலது பக்கம் தள்ளினேன், அறுபது ஜிபிக்கு. கிணற்றைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தேன். என் பக்கத்தை இழுத்து விரித்தேன். எலியால் பிடித்து இழுக்க இழுக்க நிலம் நகர்கிறது, மாப்பிள்ளை! வெயிலில் சங்கிலியை இழுத்துக்கொண்டு, நாய்க்குப் பயந்து, இரண்டு பக்கமும் வசவு வாங்கி நான் செய்த வேலை, ஃபேன் காற்றில் மூன்று நிமிஷத்தில் முடிந்துவிட்டது. பழக்க தோஷத்தில் ஒரு வெள்ளைக் காகிதத்தில் வரைபடம்கூட வரைந்து வைத்தேன், வடக்கு எது என்றுதான் தெரியவில்லை. ஜன்னலை மூடும்போது, மூன்று வேலை பெண்டிங், வெளியே போகலாமா என்று இங்கிலீஷில் ஒரு பெட்டி வந்து கேட்டது. பெண்டிங் என்ற வார்த்தையைப் பார்த்து நான் என்றைக்கு வீட்டுக்குப் போகாமல் இருந்திருக்கிறேன்? போகலாம் என்று அமுக்கிவிட்டேன்.

திரும்ப ஆன் செய்தேன். இரண்டு வாசல் வரவில்லை. எந்தப் பக்கம் போகிறாய் என்று கேட்கவில்லை. நேராக அதே நீல வானம், அதே மலை. பாஸ்வேர்டுகூடக் கேட்கவில்லை. சரி, தங்கள் பக்கம் போய்விட்டது போல என்று, தாங்கள் போக வேண்டாம் என்று சொன்னதை மீறிப் பெட்டிகளைத் திறந்தேன். பாட்டுப் பெட்டி காலி. வீடியோப் பெட்டி காலி. அப்பா என்று தேடினேன், கந்தப்பன் என்று தேடினேன், இங்கிலீஷிலும் தேடினேன். ஒன்றுமே இல்லை. பெண்டிரைவில் வந்த லினக்ஸ் தங்கள் லினக்ஸை வெளியே தள்ளிவிட்டுத் தானே குடியேறிவிட்டது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. மூன்று தடவை அணைத்து ஆன் செய்தேன், மூன்று தடவையும் மலை. என் வசந்தாமணி ரோடுவேஸும் போய்விட்டது, அது கிடக்கட்டும், நாசமாய்ப் போகட்டும். உங்கள் அப்பா ஓடிய ரோட்டைப் பார்க்க ஆசைப்பட்டு, உங்கள் அப்பாவின் குரலையே தொலைத்துவிட்டேன். லேப்டாப்பை மூடித் துண்டைப் போட்டுப் போர்த்திவிட்டேன். அதற்கப்புறம் அந்தப் புலப்படத்தைத் திறந்து பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

மறுநாள் ஜெயபிரகாஷிடம் போய், என் சிநேகிதர் ஒருவர் இப்படி இப்படிச் செய்துவிட்டார் என்று ஆரம்பித்தேன். அவர் நான் முடிக்கும் முன்பே, உங்கள் சிநேகிதர் பேக்கப் எடுத்து வைத்திருந்தால் பயமில்லை என்றார். பேக்கப் எப்படி எடுத்து வைப்பது, அது நிற்கிற நேரம்தானே என்றேன். அப்போதுதான் அவர் விளக்கினார். பத்திரத்துக்கு நகல் எடுத்து வைப்பதைத்தான் அவர்கள் பேக்கப் என்கிறார்களாம். என் சர்வீசில் நகல் இல்லாமல் ஒரு மனுவைக்கூட வாங்கியவனல்ல நான். அவர் என்னைப் பார்த்த பார்வையில், சிநேகிதர் யார் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. லேப்டாப்பை எடுத்து வரச் சொன்னார். சிநேகிதர் வெளியூர் போயிருக்கிறார் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. உங்கள் அத்தை சர்க்கரை கூடிவிட்டது என்று முடிவு செய்து காலையிலும் மாலையிலும் பாகற்காய்ச் சாறு கொடுக்கிறாள். உண்மையைச் சொல்வதை விடக் கசப்பு குறைவு என்பதால் குடித்துக்கொண்டிருக்கிறேன். செவ்வாய்க்கிழமை தாங்கள் போன் செய்து லேப்டாப் நன்றாக இருக்கிறதா என்று கேட்டீர்கள் அல்லவா. "அதுக்கென்ன மாப்ள, ஜம்முன்னு இருக்குது" என்றேன். அது பொய். துண்டுக்கு அடியில் பிணம் போலக் கிடந்தது. நேற்று சம்பந்தியம்மா பேசினார். அவர் என்னிடம் நேராகப் பேசுகிறவர் அல்ல, உங்கள் அத்தையிடம்தான் பேசினார். அவளோ போனைச் சத்தமாக வைத்துக்கொண்டு புளி கரைத்துக்கொண்டிருந்தாள்.

"ஆடிப் பதினெட்டுக்கு வாரோம் அண்ணி. தம்பி மனசத் தேத்திக்கிட்டு அவரு பேசுனதப் போட்டுக் காட்டறேன்னு சொல்லியிருக்கறான். எட்டு மாசமாச்சுங்க அவரு கொரலக் கேட்டு. அது ஒண்ணு கேட்டாப் போதும்."

புளி கரைக்கிற சத்தம் நின்றுவிட்டது, மாப்பிள்ளை. உங்கள் அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் கொல்லைப்புறம் போய் நின்றுகொண்டேன். அங்கே நின்று யோசித்துத்தான் இந்தக் கடிதம் எழுத முடிவு செய்தேன். பதினெட்டாம் தேதி எல்லோரும் சுற்றி உட்கார்ந்திருக்க, நான் துண்டை எடுத்துக் காட்டுவதை விட இது மேல். தாங்கள் முன்னாலேயே அறிந்து, தாயாரிடம் எப்படிச் சொல்வதோ அப்படிச் சொல்லி அழைத்து வாருங்கள். வராமல் இருந்தாலும் நான் கேட்க முடியாது.

தங்கள் தகப்பனாருக்கு நான் வைத்த இரண்டாவது கடன் இது. முதலாவது, தாங்கள் பள்ளிக்கூடம் போகிற காலத்தில் அவர் விவசாயக் காட்டை அளந்து உட்பிரிவு செய்யப் போனேன். கல் நட்டேன், படம் வரைந்தேன், மோர் குடித்தேன். கோப்பில் கையெழுத்துப் போடவில்லை. அப்புறம் போடலாம் என்றிருந்து, ஓய்வும் பெற்றுவிட்டேன். சம்பந்தம் பேச வந்தபோதுகூட அவர் அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. நம் வீட்டுக் கேட்டைத் தாங்கள் பார்த்திருப்பீர்கள், ஒரு கதவு பச்சை, ஒரு கதவு துரு. மாடிப்படிக் கைப்பிடி ஆறாவது படியோடு நிற்கிறது. நான் ஆரம்பித்து முடித்த காரியம் அகல்யா கல்யாணம் ஒன்றுதான், அதையும் சடங்கு நடத்திய அருமைக்காரர்தான் முடித்து வைத்தார் என்று உங்கள் அத்தை வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள். வாழ்நாளில் ஒரே ஒரு வேலையை முழுசாக, சுத்தமாக, மூன்று நிமிஷத்தில் முடித்தேன். அது இதுவாகவா இருக்க வேண்டும்?

மன்னிப்புக் கேட்க எனக்கு முகமில்லை. ஆனாலும் கேட்கிறேன். தாங்கள் கோபித்து நாலு வார்த்தை பேசினால் அதைக் கேட்டுக்கொள்ளக் கடமைப்பட்டவன். பேசாமல் இருந்துவிட மட்டும் வேண்டாம். தாங்களும் அகல்யாவும் குறை ஒன்றும் இல்லாமல், நான் செய்தது போன்ற காரியங்களைச் செய்யாத சந்ததியோடு, நீண்ட காலம் வாழ வேண்டும் என்று ஆசீர்வதிக்கிறேன். சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை, உங்கள் அத்தை சொன்னதாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
ஊர் நிலத்தை அளந்தும் தன் அளவு தெரியாத தங்கள் மாமனார்,
சண்முகவேல்
(ஓய்வு பெற்ற குறுவட்ட அளவர்)

பி.கு.: ஆடி 9, வெள்ளி காலை. மேற்படிக் கடிதத்தை உறையில் போட்டு, தபால்தலை இல்லாததால் அப்புறம் ஒட்டலாம் என்று மேசை மேலேயே வைத்துவிட்டேன். ஆடி வெள்ளி என்று உங்கள் அத்தை விடிந்ததும் குளித்துவிட்டு, அம்மன் பாட்டுப் போடத் தன் பெண்டிரைவைத் தேடினாள். துண்டுக்கு அடியில் ஏதோ நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்து, "ஏனுங்க, எம் பாட்டப் புடுங்கி இதுல எதுக்குங்க சொருகி வச்சிருக்கறீங்க?" என்று உருவிக்கொண்டு போனாள். அது ஜெயபிரகாஷ் கொடுத்தது, ஸ்பீக்கரில் போட்டால் எப்படிப் பாடும்? நான்தான் கெடுத்துவிட்டேன் என்று அதற்கும் திட்டினாள். நான் சும்மா இருக்க மாட்டாமல் லேப்டாப்பை ஆன் செய்தேன். இரண்டு வாசல் வந்து நின்றது, மாப்பிள்ளை. எந்தப் பக்கம் போகிறாய் என்று கேட்டது. வேலை முடிந்ததும் பெண்டிரைவை உருவிவிட வேண்டும் என்றுதான் ஜெயபிரகாஷ் அன்று கத்தியிருக்கிறார். நாலு நாளாக நான் பார்த்து அழுதது பெண்டிரைவுக்குள் இருந்த காலி வீட்டை.

தங்கள் வாசலில் நுழைந்து அகல்யா பேரைப் போட்டேன். நூற்றுப் பதினேழும் அப்படியே இருக்கின்றன. வரப்பும் ஒரு நூல் நகரவில்லை. அந்த மூன்று வேலையையும் நான் வரைபடத்தில்தான் செய்திருக்கிறேன். அந்த வீடியோவைத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன், கடைசியில் ஒரு பச்சை 'சரி' குறியை அமுக்கினால்தான் உத்தரவு ஆகுமாம். அளந்து, கல் நட்டு, படம் வரைந்து, கையெழுத்துப் போடாமல் வந்திருக்கிறேன், வழக்கம்போல.

இனிதான் நிஜமான மன்னிப்பு. உயிர் இருக்கிறதா என்று பார்க்க ஒன்றே ஒன்றைத் திறந்து கேட்டுவிட்டேன். தாங்களே கேட்கத் துணியாததை நான் முந்திக்கொண்டேன். வண்டியை எங்கோ ஓரங்கட்டிவிட்டுத் தங்களிடம் பேசுகிறார், பின்னால் ஹாரன் சத்தம். என் மகளைப் பெண் பார்த்துவிட்டுப் போன அந்த வாரத்தில் பேசியது போலிருக்கிறது.

"பொண்ணு தங்கம் சாமி. ஆத்தாக்காரி கெட்டிக்காரி. அந்தச் சர்வேயரு இருக்காரே, நம்ம காட்ட அளந்துட்டுப் போயி பத்து வருசமாச்சு, இன்னும் கையெழுத்துப் போடல. எதையும் முடிக்க மாட்டாரு. அதனால என்ன, அவரு கையில நல்லது லேட்டாகும், கெட்டதும் நடக்காது. தைரியமாக் கட்டு."

சொல்லிவிட்டுச் சிரிக்கிறார். அந்தச் சிரிப்பை நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டேன். உங்கள் அத்தை அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்று கேட்டாள். ஒன்றும் திட்டவில்லை.

எல்லாம் பத்திரமாக இருப்பதால் இந்தக் கடிதத்துக்கு இனி அவசியமே இல்லை, கிழித்துப் போட்டிருக்கலாம். ஆனாலும் இதையாவது முடித்து அனுப்பிவிட வேண்டும் என்று, இப்போதே தபாலாபீஸ் போய்த் தலை வாங்கி ஒட்டப் போகிறேன். தாயாரை அழைத்துக்கொண்டு தைரியமாக வாருங்கள். வரும்போது ஒரு காலி பெண்டிரைவும் கொண்டு வாருங்கள், முதலில் நகல் எடுப்போம். அதற்குப் பிறகும் தங்களுக்கு மனமிருந்தால், அந்த அறுபது ஜிபியைத் தாங்களே அளந்து கொடுங்கள். நான் சங்கிலி மட்டும் பிடித்துக்கொள்கிறேன். பச்சைக் குறியைச் சம்பந்தியம்மா அமுக்கட்டும்.